பிரஷ்யப் பதக்க ரிப்பனைப் படிப்பது எப்படி?

முன்பு ஜெர்மனியில் இருந்த பிரஷ்ய அரசின் பழைய பதக்கத்தைக் கையில் எடுத்தால் எல்லார் கண்ணும் உலோகத்துக்குத்தான் போகும். நீங்கள் முதலில் ரிப்பனைப் பாருங்கள். வாங்கியவர் களத்தில் நின்றவரா, பின்னால் இருந்து பணி செய்தவரா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முதல் வேலை, வேட்டியைப் பார்ப்பது போல உடலையும் கரையையும் பிரித்துப் பார்ப்பது. 1813 மார்ச்சில் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் மன்னர் தொடங்கிய இரும்புச் சிலுவை என்ற போர் விருதை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு உடல், வெள்ளைக் கரை என்றால் போரிட்டவர். வெள்ளை உடல், கருப்புக் கரை என்றால் ஆயுதம் ஏந்தாமல் போர்ப்பணி செய்தவர். சிலுவை இருவருக்கும் ஒன்றேதான்.

அடுத்து நடுக்கோடு. 1740-ல் இரண்டாம் ஃபிரெட்ரிக் ஏற்படுத்திய 'பூர் லெ மெரித்' விருதுக்குக் கருப்பு ரிப்பன், ஓரங்களில் வெள்ளிக் கோடுகள். ஓக் இலைச் சின்னத்தோடு வழங்கியபோது நடுவிலும் ஒரு வெள்ளிக் கோடு சேர்ந்தது.

அப்புறம் ரிப்பனும் உலோகமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். புதிதாகச் சேகரிப்பவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. 1870–71 பிரான்ஸ்–பிரஷ்யப் போர் நினைவுப் பதக்கம் போரிட்டவர்களுக்கு வெண்கலம். பிரெஞ்சுக்காரர்களிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தது. அதன் ரிப்பன் கருப்பு உடல், வெள்ளைக் கரை, நடுவில் சிவப்புக் கோடு. போரிடாதவர்களுக்கு எஃகுப் பதக்கம். ரிப்பனில் கருப்பும் வெள்ளையும் இடம் மாறும், சிவப்பு அப்படியே இருக்கும். எஃகுப் பதக்கம் கருப்பு உடல் ரிப்பனில் தொங்கினால் பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம். 1914 என்று பொறித்த இரும்புச் சிலுவை அகலமான சிவப்பு உடல் ரிப்பனில் இருந்தாலும் அதே சந்தேகம்தான். அது 1939-ல் நாஜி ஆட்சியில் வந்த ரிப்பன்.

பதக்கம் இல்லாமல் ரிப்பன் பட்டை மட்டும் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். ஹோஹென்ஸோலர்ன் அரச இல்ல விருதின் வழக்கமான ரிப்பன் வெள்ளை, அதில் மூன்று கருப்புக் கோடுகள். ஆனால் முதல் உலகப் போரில் வாள் சின்னத்துடன் வழங்கியபோது அது இரும்புச் சிலுவையின் கருப்பு ரிப்பனில்தான் பெரும்பாலும் தொங்கியது. ரிப்பன் மேல் குட்டி வாள்களும் கிரீடமும் தெரிகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பழைய புகைப்படம் என்றால் சட்டையின் இரண்டாவது பொத்தான் துளையில் தேடுங்கள். 1914 இரும்புச் சிலுவையின் இரண்டாம் வகுப்பு ரிப்பனை அங்கேதான் குத்திக்கொண்டார்கள். நிறத்தைக் கணிக்கும்போது கவனம் வேண்டும். அக்காலப் படச்சுருள் பலவற்றில் சிவப்பும் ஆரஞ்சும் கருமையாக விழும், நீலம் வெளிறிவிடும். அதனால் செங்கழுகு விருதின் வெள்ளை ரிப்பனில் உள்ள ஆரஞ்சுக் கோடுகள் கருப்பாகத் தெரிந்து, போரிடாதவருக்கான இரும்புச் சிலுவை ரிப்பன் போலவே தோன்றும். நீல ரிப்பன் கொண்ட கிரீட விருதோ வெள்ளை ரிப்பனில் இருப்பது போலத் தெரியும்.