ஸ்பீச் தெரபி என்று கடிதம் வந்தால் டிராயரில் போடாதீர்கள்

கைக்குழந்தையோடு இங்கிலாந்து வருகிறவர்கள் வந்த வாரமே ஜிபி என்கிற உள்ளூர்க் குடும்ப டாக்டரிடம் பதிந்துவிடுங்கள். ஊரில் போல நேரே குழந்தை டாக்டரிடம் டோக்கன் போட்டு உட்கார முடியாது. சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்; எடையைச் சிவப்புப் புத்தகம் என்கிற குழந்தையின் உடல்நலப் பதிவேட்டில் குறித்துத் தருவார். ராத்திரி சந்தேகம் வந்தால் மருத்துவ ஆலோசனைக்கு 111-க்குப் போன் போடுங்கள். குழந்தை நீலம் பாய்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 999. நடைமுறை இவ்வளவுதான்.

என் மகளுக்கு அப்போது 5 மாதம். பால் குடிக்கும்போது கண் கலங்கும், தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும், ஒரு பாட்டில் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். நெஞ்சுச்சளி இரண்டு முறை வந்துவிட்டது. வீடியோ காலில் அம்மா, "புரையேறவே இல்லையே, வெறும் சளிதான்" என்றார். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று கேட்டு வளர்ந்தவள் நான். இருமல் வராத குழந்தைக்குப் புரையேறவில்லை என்றே நானும் நம்பினேன்.

ஜிபி எழுதிக் கொடுத்து, சில வாரத்தில் கடிதம் வந்தது. மேலே 'ஸ்பீச் அண்ட் லேங்குவேஜ் தெரபி'. 5 மாதப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியா, ஆள் மாறி அனுப்பிவிட்டார்கள் என்று டிராயரில் போட்டுவிட்டேன். இந்த நாட்டில் குழந்தை விழுங்குவதைப் பார்ப்பதும் இந்த ஸ்பீச் தெரபிஸ்டுகள்தான். பேச உதவும் உதடும் நாக்கும் தொண்டையும்தானே விழுங்கவும் வேண்டும்! 'பால் விழுங்குவதைப் பார்க்க' என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால் ஓடிப் போயிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. போகாததால் பெயரை எடுத்து ஜிபிக்கே திருப்பிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து வரிசை. காத்திருந்த நாளில் நிமோனியா வந்து 6 நாள் வார்டில் கிடந்தாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் வீடியோஃப்ளூரோஸ்கோப்பி எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற மருந்தைக் கலந்த பாலைக் குடிக்கக் குடிக்க எக்ஸ்ரே படம் திரையில் ஓடும். கருப்பாக ஒரு மெல்லிய கோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கியதை நானே பார்த்தேன். அவள் இருமவே இல்லை. சத்தமே இல்லாமல் பால் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. பால் மெதுவாக வரும் நிப்பிள், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொடுப்பது, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க விடுவது என்று இவற்றிலேயே பலருக்குச் சரியாகும். எங்களுக்குப் பாலைக் கெட்டியாக்கச் சொன்னார்கள். 10 மில்லி சிரிஞ்சில் பாலை நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டு, 1 முதல் 4 மில்லி வரை மிச்சம் நின்றால் அவளுக்குச் சொன்ன பதம். கெட்டியாக்கும் பொடியை அவர்கள் சொல்லாமல் வாங்காதீர்கள். கஞ்சித் தண்ணீரும் கலக்க வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாலாடையில் ஊற்றிப் புகட்டவே கூடாது. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டு வந்த வெள்ளிப் பாலாடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

தெரபிஸ்டிடம் போகும்போது வீட்டில் கொடுக்கும் அதே பாட்டிலை எடுத்துப் போங்கள், பசியோடு கூட்டிப் போங்கள், குடிக்கும்போது எடுத்த வீடியோ போனில் இருக்கட்டும். முன்பே கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். அம்மா இங்கே வந்தபோது அவருக்காகவே கேட்டேன். அப்புறம் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து மிச்சத்தைப் பார்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.