விதைக்க முதல் ஓர் இரவு தண்ணீரில்

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரைகளில் மழை பெய்தாலும் மேல்மண் சீக்கிரமே காய்ந்துவிடும். காய்ந்த விதை ஈரத்தை உறிஞ்சி முளைப்பதற்குள் அந்த ஈரம் போய்விடுகிறது. அதனால்தான் பயிர் இடைவெளி விட்டு, ஏறுக்குமாறாக வருகிறது. விதையை முன்கூட்டியே ஊறவைத்தால் அது மண்ணில் செலவிடும் அந்த நேரம் மிச்சம். வேரும் ஈரத்தைத் தேடி வேளைக்கே கீழே இறங்கும். செலவு என்று பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர்தான்.

சோளத்துக்கு (மக்காச்சோளம்) 16 மணித்தியாலம், பயறுக்கு 8 மணித்தியாலம் போதும். இதில் கவனம் வேண்டும்: கூடுதலாக ஊறினால் விதை வாளிக்குள்ளேயே முளைவிடும், பிறகு விதைக்கும்போது முளை ஒடியும். ஊறியதும் தண்ணீரை வடித்து, நிழலில் சாக்கின் மேல் பரப்புங்கள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் சரி, அன்றே விதைத்துவிடலாம். திடீரென மழை வந்து விதைக்க முடியாமல் போனால் நன்றாக உலர்த்தி இரண்டொரு நாள் வைத்திருக்கலாம்.

மழைக்கு முன் காய்ந்த மண்ணில் போடும் புழுதி விதைப்புக்கு இது வேண்டாம். மண்ணில் ஈரம் இருந்தால்தான் பலன். கடையில் வாங்கும் நிறம் பூசிய விதையையும் ஊறவைக்காதீர்கள்; மருந்து கழுவுப்பட்டுவிடும், அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடித்தால் ஆபத்து.

புதிய இன விதையென்றால் முதலில் ஒரு பிடியை ஊறவைத்துப் பாருங்கள். இந்தப் பெரும்போகத்தில் (மாரிமழைப் பயிர்க்காலம்) ஒரு பாத்திக்கு ஊறிய விதை, பக்கத்துப் பாத்திக்குக் காய்ந்த விதை என்று போட்டால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.