கடற்கரைக்காரருக்குக் கடல் கதை கொடுப்பதும் வேறு சில தவறுகளும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும் அந்த 61 நாள்களில்தான் என்னிடம் புத்தகம் கேட்டு வருவோர் கூடுவார்கள். அப்படி வந்த ஓர் அண்ணனுக்கு, கடல் தொழிலுக்குப் போகிறவராயிற்றே என்று, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைக் கொடுத்தேன். நான்கே நாளில் திரும்பக் கொண்டுவந்தார். “கடலைத்தான் தம்பி வருசம் பூரா பாக்குறோம், வேற ஏதாச்சும் குடுங்க” என்று சொல்லிவிட்டு, ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். பிழை என்னுடையது. அவருடைய ஊரையும் தொழிலையும் பார்த்து நூலைத் தேர்ந்தேனே தவிர, இதற்கு முன் எதை விரும்பிப் படித்தார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முஸ்லிம்கள் மிகுந்த கடலோர ஊரான கீழக்கரையைச் சேர்ந்தவர் என்றதும், குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் வாழ்வை எழுதிய தோப்பில் முஹம்மது மீரானை எடுத்து நீட்டுவதும் இதே வகைத் தவறுதான். 1988இல் வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ குமரி மாவட்டத்துப் பேச்சில், மலையாளம் கலந்த தமிழில் எழுதப்பட்டது. சமயம் ஒன்று, கடற்கரையும் உண்டு என்பதால் பேச்சும் ஒன்றாகிவிடாது. கீழக்கரை வாசகரும் பல சொற்களுக்குப் பொருள் தேடித்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் முதல் முப்பது பக்கங்களைப் பொறுத்துக்கொள்வார். சொல்லாமல் கொடுத்தால், தமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுவார்.

விருதை மட்டும் சொல்லிப் பரிந்துரைப்பது இன்னொரு பழக்கம். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2011லும், இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020லும் சாகித்திய அகாதெமி விருது பெற்றன. முன்னது ஆயிரம் பக்கங்களைத் தாண்டி விரியும் மதுரை வரலாறு. பின்னது தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகளுக்காகத் தவிக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அத்தகைய துயரம் நேர்ந்த வீட்டுக்கு, விருது பெற்ற நூல் என்ற ஒரே காரணத்துக்காக அதை அனுப்புவது கொடுமை. கதையின் முடிவைச் சொல்லாமலே, உள்ளே என்ன கனம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.

ஒரு வகை நாவலை வேறொரு வகையின் அளவுகோலால் அளப்பதையும் தவிர்க்க வேண்டும். துப்பறியும் கதையில் துப்புகள் வாசகரின் கண்முன் நேர்மையாக வைக்கப்பட்டனவா, முடிச்சு அவிழ்ந்தபின் முன்பு நடந்தவை பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டுமேயன்றி, அதில் வாழ்க்கைத் தரிசனம் இல்லை என்று உதட்டைப் பிதுக்குவதில் பயனில்லை. வரலாற்று நாவலை வரலாறாகவே எடுத்துக்கொள்வது இதன் மறுபக்கம். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைப் பற்றிய ஒரு கதையைப் படித்துவிட்டு, அவர்களுடைய அரண்மனையான இராமலிங்க விலாசத்தின் வாசலில் நின்று ஆண்டுக் கணக்கோடு வாதாடியவரை நானே பார்த்திருக்கிறேன்.

பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுப் பரிந்துரைப்பவர் கேட்பவரின் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார். “நான் இன்னும் படிக்கவில்லை, நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று கொடுத்தனுப்பிய நூல்கள்தாம் என்னிடம் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பி வந்திருக்கின்றன.