மசில்லோடர் தோட்டா: அச்சிட்ட பி.சி. எண்ணை அப்படியே நம்பலாமா?

மசில்லோடர், அதாவது முனைவழியாக மருந்தும் தோட்டாவும் திணிக்கும் துப்பாக்கி. அதன் தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், அதாவது பி.சி. (தோட்டா காற்றுத் தடையை எவ்வளவு நன்றாகத் தாங்கிப் பறக்கும் என்று காட்டும் எண்), சில சமயம் விளம்பரத்துக்கான எண்ணாகவே இருக்கும். சுடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தோட்டாவின் எடையை (கிரெயினில்; 7000 கிரெயின் ஒரு பவுண்டு) 7000-ஆல் வகுத்து, வந்ததை விட்டத்தின் (அங்குலத்தில்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 250 கிரெயின், 0.452 அங்குலத் தோட்டாவுக்குச் சுமார் 0.175 வரும். இதை அச்சிட்ட ஜி1 பி.சி.யால் (ஜி1 என்னும் ஒரு நிலையான தோட்டா வடிவத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பி.சி.) வகுத்தால் கிடைப்பது வடிவக் குணகம். இது குறையக் குறைய, காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று பொருள். பி.சி. 0.200 என்றால் 0.87, சரி, நம்பலாம். 0.300 என்றால் 0.58. அது நீண்டு கூர்ந்த ரைஃபிள் தோட்டாக்களுக்கு வரும் எண். குட்டையாய், தடியாய், மூக்கில் குழியோடு இருக்கும் தோட்டாவுக்கு அது எப்படி வரும்?

அப்புறம் களத்தில். துப்பாக்கி முனைக்கு அருகிலும் 100 கஜத்திலும் வேகத்தை அளந்து, அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தத்தோடு பி.சி. கணக்கிடும் பாலிஸ்டிக் கணிப்பானில் போடுங்கள். இரண்டு குரோனோகிராஃப் (தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி) என்றால், முதலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். 100 கஜத்தில் விநாடிக்கு 300 அடி குறைகிற இடத்தில் 15 அடி பிழை வந்தாலே பி.சி. சுமார் 5% மாறிவிடும். சபாட் உறை (தோட்டாவைச் சுற்றியிருந்து, முனையை விட்டு வெளியே வந்ததும் கழலும் பிளாஸ்டிக் உறை) கழன்று கருவியில் மோதாத தூரமும் முக்கியம்.

வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ஜி1 பி.சி.யும் மாறும். அதனால் 200 கஜத்தில் சுட்டு, தோட்டா இறங்கும் அளவைத் தனியாகவே சரிபார்க்க வேண்டும்.