செச்சென் என்று எழுதும்போது நேரும் பிழைகள்

வடக்குக் காக்கசஸ் மலைநாட்டில் வாழும் இந்த மக்கள் தங்களைச் செச்சென் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒருவர் என்றால் நொக்சோ, பலர் என்றால் நொக்சி. ‘நொக்சிகள்’ என்று எழுதுவது முதல் பிழை, ஏனென்றால் நொக்சி என்பதே பன்மைதான். செச்சென் என்பது வெளியார் வைத்த பெயர் என்பதால் அதற்குத் தமிழ் விகுதி சேர்த்துச் ‘செச்சென்கள்’ என்று எழுதலாம். செச்சென் என்பது மக்களையும் மொழியையும் குறிக்கும், ரஷ்யாவுக்குள் இருக்கும் அவர்களுடைய குடியரசின் பெயர் செச்சன்யா.

ரஷ்யர்கள் இந்தப் பெயரை, செச்சன்யாவின் தலைநகரான குரோஸ்னிக்குத் தென்கிழக்கே ஆர்குன் ஆற்றங்கரையில் உள்ள செச்சென்-ஆவுல் என்ற ஊரிலிருந்து எடுத்தார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆவுல் என்றால் ஊர். அண்டை மக்களான இங்குஷ்களுக்கும் அங்குஷ்த் என்ற ஊர்ப்பெயரே இப்படி இனப்பெயராகியிருக்கிறது.

1732இல் அந்த ஊரருகே ரஷ்யப் படையோடு நடந்த சண்டையில்தான் இந்தப் பெயர் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். ரஷ்ய ஆளுநர் அப்ராக்சினும் கல்மிக் மக்களின் அரசரான அயூகா கானும் 1708இல் செய்த உடன்படிக்கையிலேயே செச்சென்களைப் பற்றிய குறிப்பு உண்டு.

நொக்சி என்றால் ‘நோவாவின் மக்கள்’ என்று சொல்வதுண்டு. அந்த மக்களே விரும்பிச் சொல்லும் கதை அது. கதையாக எழுதுங்கள், சொற்பிறப்பாக எழுதாதீர்கள். ஒலி ஒத்திருப்பதை நம்பி அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியோடு முடிச்சுப் போடுவதும் இதே வகைப் பிழை.

வைநாக் என்ற சொல்லைச் செச்செனுக்கு மறுபெயராக வைப்பவர்கள் இங்குஷ்களை மறந்துவிடுகிறார்கள். அது இரு மக்களையும் சேர்த்துச் சொல்லும் பெயர். இங்கே தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. செச்சென் மொழியிலும் நாம் வேறு, நாங்கள் வேறு: ‘வை’ என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம், ‘த்கோ’ என்றால் அவரை விலக்கிய நாங்கள். நாக் என்றால் மக்கள். ஆக வைநாக் என்பது ‘நம் மக்கள்’. ‘எங்கள் மக்கள்’ என்று பெயர்த்தால் அந்தச் சொல்லில் இருக்கும் உறவே அறுந்துபோகும்.

அரபியில் ‘ச்ச’ ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் அங்கே இது ஷிஷான் ஆகிறது. செய்திகளில் வரும் அல்-ஷிஷானி என்பதற்குச் ‘செச்சென்காரர்’ என்றுதான் பொருள். அந்தப் பெயருள்ள இருவரை உடனே ஒரே குடும்பமாக்கிவிட வேண்டாம்.

தலைப்பை அச்சுக்கு விடுமுன் செக், செச்சென் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2013இல் செச்சென் வழிவந்த இரு சகோதரர்கள் நடத்திய பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தக் குழப்பம் அமெரிக்காவில் அவ்வளவு பரவியது. செக் குடியரசும் செச்சன்யாவும் வேறு வேறு என்று அங்கிருந்த செக் தூதரே அறிக்கை விட வேண்டியதாயிற்று.