அமெரிக்காவில் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம்: புதிதாக வந்த பெற்றோருக்கு

வந்து இறங்கிய முதல் ஆறு மாதம் வீடு, கார், ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீடு என்றே ஓடிவிடும். வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால், அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே கல்லூரி விஷயத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். "பன்னிரண்டாவது முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இங்கே பன்னிரண்டாவது தொடங்குகிற ஆகஸ்ட் மாதமே விண்ணப்பங்கள் திறந்துவிடுகின்றன. பல கல்லூரிகளுக்கு நவம்பர் 1-ம் தேதியே முதல் கெடு. பொதுத்தேர்வு எழுதி, ரிசல்ட் வந்து, ரேங்க் வாங்கி, கவுன்சலிங்குக்குப் போய் உட்காருகிற வரிசை இங்கே இல்லை.

"இந்தக் கல்லூரிக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதுதான் நம் எல்லாருடைய முதல் கேள்வி. பெரும்பாலான கல்லூரிகளுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஒன்பதாவதிலிருந்து வாங்கிய மதிப்பெண்கள், எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை, பள்ளிக்கு வெளியே பிள்ளை என்ன செய்தது, ஆசிரியர்களின் கடிதம், கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துத்தான் முடிவு செய்கிறார்கள். டெக்சாஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிற மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு என்று சட்டமே இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த அளவு இன்னும் குறுகலானது. மற்றபடி, 200-க்கு எவ்வளவு என்ற கணக்கை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

கல்லூரிகளைத் தேடுவதும் கட்டுரை எழுதுவதும் பிள்ளையின் வேலை. காகிதம், பணம், விசா மூன்றும் நம் வேலை. நம்மில் பலர் இதை மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம். கட்டுரையில் கமா எங்கே வர வேண்டும் என்று பிள்ளையுடன் மல்லுக்கட்டுகிறோம். நம் விசாவுக்கு எந்த மாநிலத்தில் எவ்வளவு கட்டணம் என்பதை விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியவை

ஹைஸ்கூல் என்பது இங்கே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. நான்கு வருட மதிப்பெண்களும் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற ஒரே தாளில் ஏறும். ஊரில் ஒன்பதாவது முடித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த ஒன்பதாவது மதிப்பெண்ணும் கணக்கில் வரும். நம் ஊரில் யாரும் பத்திரப்படுத்தாத சான்றிதழ் அதுதான். தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டு, முடிந்தால் உறையில் இட்டு ஒட்டி இரண்டு பிரதி வாங்கி வாருங்கள். நாங்கள் இங்கே வந்த பிறகு மைத்துனரைப் பள்ளிக்கு மூன்று முறை அனுப்பித்தான் வாங்கினோம்.

அதோடு கணக்குப் பாடப் புத்தகத்தின் பொருளடக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கு ஒரு வருடம் அல்ஜீப்ரா, மறு வருடம் ஜியாமெட்ரி, பிறகு மீண்டும் அல்ஜீப்ரா, அப்புறம் பிரீ-கால்குலஸ், கால்குலஸ் என்று படிப்படியாகப் போகும். நம் பாடத்திட்டத்தில் எல்லாம் கலந்து வருவதால், "ஜியாமெட்ரி படித்ததாகத் தெரியவில்லையே" என்று பிள்ளையை ஒரு படி கீழே உட்கார வைத்துவிடுவது உண்டு. அப்படிப் போனால் பன்னிரண்டாவதுக்குள் கால்குலஸைத் தொட முடியாது. பொறியியல் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. பொருளடக்கத்தைக் காட்டி, தகுதித் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வைப்பார்கள்.

பெயர் விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பெயர் முழுவதும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பள்ளியில் ஒரு பெயர், கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதுகிற எஸ்ஏடி தேர்வில் இன்னொரு பெயர், விண்ணப்பத்தில் மூன்றாவது பெயர் என்று போனால், கல்லூரியில் மதிப்பெண்களும் விண்ணப்பமும் ஒன்று சேராமல் நிற்கும். பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் அதையே கொடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பத்தாவதிலேயே பேசுங்கள்

பிள்ளையிடம் குடும்ப வருமானத்தைப் பேசுவது நம் வழக்கமில்லை. இங்கே பேசித்தான் ஆக வேண்டும். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. நாம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்லாமல் பட்டியல் போடவிட்டு, ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு "கட்டுப்படியாகாது" என்று சொல்வதைப் போல அந்த வயதில் மனதை உடைப்பது வேறில்லை.

உங்கள் விசாவிலிருந்து தொடங்குங்கள். அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவம் குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அகதி அந்தஸ்து போன்ற சில பிரிவினருக்கும்தான். எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருகிற எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளைக்கு அது கிடையாது. அதற்காகக் கதவெல்லாம் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்த நிதியிலிருந்து உதவி தருகின்றன. அதற்குப் பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற தனிப் படிவம் நிரப்ப வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பண நிலையைப் பார்க்காமல் இடம் தந்து, தேவையான உதவியையும் தருகின்றன. ஆனால் அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும்.

நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையான வழி, சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். மாநிலவாசிகளுக்கான கட்டணத்துக்கும் வெளியாட்களுக்கான கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளியாட்கள் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார்கள். எச்-4 பிள்ளைகளையும் மாநிலவாசிகளாக ஏற்றுக்கொள்கிற மாநிலங்கள் பல. பொதுவாகக் குறைந்தது 12 மாதமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மூன்று வருடம் அங்கேயே பள்ளியில் படித்து முடித்தவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பன்னிரண்டாவது நடுவில் வேலை மாறி வேறு மாநிலம் போகும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வு முழுவதையும் கல்லூரிக் கட்டணமே விழுங்கிவிடலாம்.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும். வருமானத்தைப் போட்டால், உதவி போக நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று உத்தேசமாகச் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஐந்தாறு கல்லூரிகளுக்குப் போட்டுப் பாருங்கள். அது பெரும்பாலும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கான கணக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு தேதியையும் காலண்டரில் குறிக்க வேண்டும்: பிள்ளையின் 21-வது பிறந்தநாள். பலருக்கு அது கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இந்தியர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும்தானே. எஃப்-1-க்கு மாறிய பிறகும் மாநிலக் கட்டணம் தொடருமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, கோடை இன்டர்ன்ஷிப்பும் சேர்த்துத்தான். அதனால் 21 வரை காத்திருக்காமல் முன்பே எஃப்-1-க்கு மாறுகிறவர்களும் உண்டு. உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

விண்ணப்பம்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குக் காமன் ஆப் என்ற ஒரே விண்ணப்பம் போதும். ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். அவர்கள் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி, ஹார்வர்ட், கால்டெக் போன்றவை தேர்வை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. பல கல்லூரிகளில் விருப்பப்பட்டால் அனுப்பலாம். எங்கே அனுப்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் எழுத இடம் இருக்கும். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அந்தப் பகுதியில் மூன்றை மட்டும் நிரப்பிவிட்டு, மற்றதைக் காலியாக விட்டிருந்தான். அவன் அம்மாவுக்கு மாலை ஷிஃப்ட். பள்ளிக் கவுன்சிலர் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் என்ன செய்வாய்?" பேருந்து நிறுத்தத்தில் தங்கைக்காக நிற்பான், அவளுக்குப் பால் சூடாக்கிக் கொடுப்பான், குக்கரில் சாதம் வைப்பான், அவள் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பான், அப்பா வந்த பிறகுதான் தன் புத்தகத்தை எடுப்பான். "இதையெல்லாமா எழுதுவது?" என்று அவனும் கேட்டான், அவன் அம்மாவும் கேட்டார். எழுதத்தான் வேண்டும். அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டிருப்பார்கள். அவன் போட்ட எண்ணைப் பார்த்துத்தான் அவன் அப்பா முதல் முறையாகக் கணக்குப் போட்டார்.

முக்கியக் கட்டுரைக்கு 650 சொல் வரை இடம். என் மகள் ரோபாட்டிக்ஸ் பரிசைப் பற்றி எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு வீடியோ காலில் தமிழ் நாளிதழ் வாசித்துக் காட்டுவதைப் பற்றி எழுதியிருந்தாள். அவருக்குக் கண் மங்கிவிட்டது. மழைச் செய்தியும் இரங்கல் விளம்பரங்களும்தான் அவர் கேட்பார். இறந்தவரின் பெயரை இவள் எழுத்துக்கூட்டி வாசித்ததும், அவர் யார், எந்தத் தெரு, எந்த வருடம் கூடப் படித்தார் என்று அவர் சொல்லுவார். எனக்கு அது கல்லூரிக்கு எழுதுகிற விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் படித்து முடித்தபோது, நான் திருத்த வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை என்பது புரிந்தது. படியுங்கள், எங்கே புரியவில்லை என்று சொல்லுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள். உங்கள் கையால் ஒரு வரியும் எழுதாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் பக்கமும் போக வேண்டாம். சொந்தமாக எழுதியது என்று பிள்ளை கையெழுத்துப் போடுகிறது.

ஆசிரியர் கடிதங்களுக்குப் பதினொன்றாவது முடிவதற்குள், கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகள் வகுப்பில் வாயே திறக்க மாட்டார்கள். நன்றாகப் படித்தாலும் ஆசிரியருக்கு எழுத ஒன்றும் இருக்காது. வகுப்பு முடிந்ததும் போய் ஒரு சந்தேகம் கேட்கச் சொல்லிப் பழக்குங்கள்.

முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே முடிவு பெறுகிற வழிகளில், ஏர்லி டிசிஷன் என்ற சொல்லைக் கண்டால் நின்று படியுங்கள். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். பணக் கணக்கு தெளிவாகாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே போல முன்கூட்டியே விண்ணப்பிக்கிற ஏர்லி ஆக்‌ஷனுக்கு அந்தக் கட்டு கிடையாது.

மருத்துவம் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: இங்கே பெரும்பாலும் நான்கு வருடப் பட்டம் முடித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி. கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்க்காத மருத்துவக் கல்லூரிகள் நிறைய. வீட்டில் இதை முன்பே பேசிவிடுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் முகம் சுளிக்காதீர்கள். இரண்டு வருடம் குறைந்த செலவில் அங்கே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பெரிய பல்கலைக்கழகத்தில் சேருவது இங்கே சாதாரணமான வழி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட ஆறு வளாகங்கள், அந்த மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜில் படிப்பவர்கள் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால் இடத்துக்கு முன்கூட்டியே உறுதி தருகின்றன. பத்தாவதிலோ பதினொன்றாவதிலோ வந்து சேர்ந்த பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் தருகிற வழி இது.

மார்ச் மாதமும் அதற்குப் பிறகும்

பெரும்பாலான முடிவுகள் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும். அந்த வாரங்களில் வாட்ஸ்ஆப் குழுவில் யார் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது என்று ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் பிள்ளையின் முடிவை அதன் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்லாதீர்கள், பாட்டிக்குக்கூட. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது. இடம் கிடைக்காத அன்று "நீ இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்ற பேச்சு வேண்டாம். சாப்பிட அழைத்துக்கொண்டு போங்கள்.

வழக்கமாக மே 1-க்குள் ஒரு கல்லூரிக்குச் சம்மதம் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். அதன் பிறகும் பன்னிரண்டாவது மதிப்பெண் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுகிற உரிமை அவர்களுக்கு உண்டு. தடுப்பூசி விவரமும் கேட்பார்கள். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையைத் தேடி வையுங்கள்.

கடைசியாக, நம்மில் பலரைத் திகைக்க வைக்கிற விஷயம் ஒன்று. கல்லூரியில் சேர்ந்ததும் மதிப்பெண் விவரங்கள் மீதான உரிமை, 1974-ம் ஆண்டுச் சட்டப்படி, மாணவரிடம் போய்விடும். பணம் கட்டுவது நாம்தான் என்றாலும், பிள்ளையின் அனுமதி இல்லாமல் நமக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கட்டண பில்கூடப் பிள்ளையின் கணக்குக்குத்தான் போகும். தன் கணக்கில் உங்களையும் சேர்க்கச் சொல்லி, முதல் பில் வருவதற்கு முன்பே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.