மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிவது எப்படி?

இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைப் பின்தொடர விரும்புபவர், அது பண மசோதாவா (வரி, அரசின் கடன், செலவு போன்றவற்றை மட்டுமே பற்றியதா) என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மக்களவைத் தலைவர் அவ்வாறு சான்றளித்துவிட்டால், மாநிலங்களவை அதை 14 நாட்களுக்குள் திருப்பியனுப்பியாக வேண்டும். அது பரிந்துரைக்கும் திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். சர்ச்சைகள் பலவும் இந்தச் சான்றில்தான் தொடங்குகின்றன.

சாதாரண மசோதாவெனில் இரு அவைகளின் ஒப்புதலும் தேவை. முட்டுக்கட்டை நேர்ந்தால் இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் அழைக்கலாம். 1961இல் வரதட்சணைத் தடை மசோதா அவ்வாறே நிறைவேறியது. அங்கே, 543 இடங்கள் கொண்ட மக்களவையின் பலமே பெரும்பாலும் மேலோங்கும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இந்த வழி கிடையாது. ஒவ்வோர் அவையும் தனித்தனியே, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடும், வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாத ஆதரவோடும் அதை நிறைவேற்ற வேண்டும்.